எக்ஸ்பைரி தேதி முடிந்த மருந்து... சாப்பிடலாமா, கூடாதா?

"டாக்டரய்யா, இந்த இன்சுலின் ஊசி என் உடம்புக்கு ஒத்துக்கிடலை. சுகர் 300-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. பேசாம நம்ம நாட்டு மருந்துக்கே மாறிக்கிடுதேன். நீங்களே நல்ல சூரணமா ஒண்ணு குடுங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 67. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக இன்சுலின். 150, 160 என்று ஒழுங்காக இருந்த சர்க்கரை, கடந்த ஒரு மாதமாகக் கட்டுக்கடங்காமல் ஏறியிருக்கிறது. அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இரண்டு முறை இன்சுலின் அளவைக் கூட்டிக் கொடுத்தும் பலனில்லை.

ஒரு சித்த மருத்துவரிடம் வந்து, 'உங்கள் மருந்துக்கே மாறிக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். என் கையும் பேனாவைத் தேடிப் போனது நிஜம். ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஒரு மாதம் முன்புவரை கேட்ட மருந்து, திடீரென்று ஏன் கேட்கவில்லை?

"டீச்சர், வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணுகூட விட்டுடாதீங்க" என்றேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சாயங்காலமே ஒரு மஞ்சள் பையோடு வந்துவிட்டார்.

பையைக் கவிழ்த்தால் ஒரு சின்ன மெடிக்கல் ஷாப்பே இருந்தது. பி.பி. மாத்திரை, பேரனுக்கு வாங்கி மீதமான ஆன்டிபயாடிக் சிரப், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து, 2020-ல் கொரோனா சமயத்தில் வாங்கிய கபசுரக் குடிநீர்ப் பொடி, லேபிள் உரிந்துபோன ஒரு தைல பாட்டில். தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, தொடப் பயந்தவர்போல் ஓரமாக வைத்தது ஒரு பாரசிட்டமால் அட்டை. "இது ரெண்டு மாசம் முன்னாடியே தேதி முடிஞ்சுட்டுய்யா. விஷமாயிருக்கும்லா?" என்றார்.

நான் அதை விட்டுவிட்டு இன்சுலின் குப்பியை எடுத்தேன். தேதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஆனால் அது கலவை இன்சுலின். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராக வர வேண்டும். இது அப்படி வரவில்லை. திரிதிரியாகக் கட்டிகள் மிதந்தன. கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக ஒட்டிப் பிடித்திருந்தது.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டியிலதான். போன மாசம் கரண்ட் அடிக்கடி போச்சுல்லா, கெட்டுப்போயிரக் கூடாதேன்னு மேல மாத்தி வச்சேன். எவ்வளவுக்குச் சில்லுன்னு இருக்கோ அவ்வளவுக்கு நல்லதுதானே?"

விஷயம் விளங்கிவிட்டது. உறைந்த இன்சுலின் வீணான இன்சுலின். மறுபடி உருகினாலும் அதன் வீரியம் திரும்பாது. டீச்சர் பயந்து ஒதுக்கிய பாரசிட்டமாலால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேதியைப் பார்த்து நம்பிக்கையோடு போட்டுக்கொண்ட இன்சுலின்தான் அவரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருந்தது. வீரியம் போன மருந்தை வைத்துக்கொண்டு டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். நாளை இந்தக் குப்பி தீர்ந்து, நல்ல குப்பியைத் திறந்து அதே கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டால்? சர்க்கரை சரேலென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். தனியாக இருக்கும் 67 வயது அம்மாவுக்கு ராத்திரியில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் விவரத்தை எழுதி, அன்று சாயங்காலமே அவரை அவருடைய டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். நான் பாட்டுக்குச் சூரணம் கொடுத்திருந்தால், நோய்க்குக் காரணம் கடைசிவரை பிடிபட்டிருக்காது.

இந்த மஞ்சள் பை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தேதி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று தோன்றியது.

தேதியைத் தீர்மானிப்பது யார்?

மாத்திரை அட்டையில் அச்சடித்திருக்கும் எக்ஸ்பைரி தேதி ஜோசியம் பார்த்து எழுதுவதல்ல. மருந்தைத் தயாரிக்கும் கம்பெனி, அதைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பரிசோதிக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு 30 டிகிரி வெப்பத்தில் சோதனை. அதோடு 40 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து ஒரு கடுமையான சோதனையும் உண்டு. மருந்துச் சத்து பொதுவாக 90 சதவீதத்துக்குக் குறையாமல் எவ்வளவு காலம் நிற்கிறதோ, அதைப் பார்த்து இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தேதி குறிக்கிறார்கள்.

ஆகவே அந்தத் தேதிக்கு அர்த்தம் இதுதான்: 'நாங்கள் சொன்னபடி வைத்திருந்தால், இந்த நாள்வரை மருந்து முழு வீரியத்தோடு இருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பு.' அந்த நாள் தாண்டினால் மருந்து செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனியின் பொறுப்பு முடிந்தது, அவ்வளவுதான்.

இதில் 'சொன்னபடி வைத்திருந்தால்' என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். டீச்சர் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

இன்னொரு சின்ன சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். அட்டையில் 'எக்ஸ்பைரி 06/2027' என்று மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், ஜூன் மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள். ஜூன் முதல் தேதியே தூக்கிப்போட வேண்டியதில்லை.

அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கிடங்கு

'தேதி முடிந்தாலும் மருந்து நன்றாகத்தான் இருக்குமாம், அமெரிக்காவிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம்' என்று இப்போது வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது முழுப் பொய்யில்லை. ஆனால் முழுக் கதையும் அதில் இல்லை.

அமெரிக்க ராணுவம் அவசரத் தேவைக்கென்று கோடிக்கணக்கில் மருந்து வாங்கிக் கிடங்குகளில் வைத்திருக்கிறது. தேதி முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. எனவே 1986-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோடு சேர்ந்து, தேதி நெருங்கிய மருந்துகளைத் திரும்பச் சோதிக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதன் முடிவுகள் 2006-ல் வெளியாயின. 122 வகை மருந்துகளில் 3,000-க்கும் மேற்பட்ட பேட்ச்களைச் சோதித்ததில், 88 சதவீத பேட்ச்களுக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. சராசரியாகப் பார்த்தால் 66 மாதம், அதாவது ஐந்தரை வருடம்!

2012-ல் இன்னொரு ஆய்வு வெளியானது. கலிஃபோர்னியாவில் ஒரு மருந்துக்கடையில் பிரிக்காமலே கிடந்த, தேதி முடிந்து 28 முதல் 40 வருடம் ஆன எட்டு மருந்துகளைச் சோதித்தார்கள். அவற்றில் இருந்த 14 மருந்துச் சரக்குகளில் 12-ல் 90 சதவீதத்துக்குக் குறையாமல் சத்து இருந்தது. ஆஸ்பிரின் தேறவில்லை.

'அப்படியென்றால் சாப்பிடலாமே டாக்டர்?' என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அவசரப்படாதீர்கள்.

அந்த ராணுவ மருந்துகள் சீல் உடைக்காமல், வெப்பத்தைக் கட்டுப்படுத்திய கிடங்கில் இருந்தவை. நம் வீட்டு மருந்து எங்கே இருக்கிறது? கத்திரி வெயிலில் கொதிக்கும் கூரைக்குக் கீழே, அலமாரி மேல்தட்டில்! இல்லாவிட்டால் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், பிரிட்ஜின் தலைமேல், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால், காரின் டேஷ்போர்டுக்குள். இந்த இடங்களுக்கும் அந்தக் கிடங்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இன்னொன்று: அந்தச் சோதனையில் ஒரே மருந்தின் இரண்டு பேட்ச்களே வெவ்வேறு விதமாக இருந்தன. ஒன்று பல வருடம் தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை. ராணுவத்துக்குச் சோதித்துப் பார்க்க லேப் இருக்கிறது. நமக்கு? மாத்திரையை முகர்ந்து பார்த்தா கண்டுபிடிக்க முடியும்?

பழைய மருந்து விஷமாகுமா?

பெரும்பாலான மாத்திரைகள் விஷமாவதில்லை. இதைத் தைரியமாகவே சொல்லலாம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1963-ல் அமெரிக்காவில் பதிவான ஒரு சம்பவம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த மாத்திரையில் அன்று சேர்த்திருந்த ஒரு துணைப்பொருளும் அதற்குக் காரணம் என்று தெரிந்து, பிறகு தயாரிப்பு முறையையே மாற்றிவிட்டார்கள்.

பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். ஈரம் பட்டு ஆஸ்பிரின் பிரிந்து, காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலம் வெளியாவதன் வாடை அது. அந்த வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆனால் நிஜமான ஆபத்து விஷமாவதில் இல்லை. தேவையான நேரத்தில் மருந்து கைவிட்டுவிடுவதுதான் ஆபத்து. தலைவலி மாத்திரை கொஞ்சம் வீரியம் குறைந்திருந்தால் தலைவலி அரைமணி கூட நீடிக்கும். போகட்டும். வலிப்பு நோய்க்காரருக்கு மருந்து குறைந்தால் வலிப்பு வந்துவிடும். இருதயக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை கரைந்தும் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆன்டிபயாடிக் வீரியம் குறைந்திருந்தால் கிருமி சாகாமல், மருந்துக்கே பழகிப்போய் முரடாகிவிடும்.

எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது?

கீழே சொல்பவற்றைத் தேதி தாண்டி ஒரு நாள்கூட நம்ப வேண்டாம்.

* இன்சுலின்: திறக்காத குப்பியைப் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். நடுத்தட்டுதான் நல்லது. ஐஸ் பெட்டி கூடவே கூடாது. உபயோகத்தில் இருக்கும் குப்பியைப் பொதுவாக நாலு வாரத்துக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தாளில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். வெயிலிலும் வைக்கக் கூடாது.

* கண் சொட்டு மருந்து: தேதி எதுவாக இருந்தாலும், மூடியைத் திறந்து ஒரு மாதம் ஆனால் பெரும்பாலானவற்றின் கதை முடிந்தது. போன வருஷம் தாத்தாவுக்கு வாங்கியதை இன்று பேத்தியின் கண்ணில் விடாதீர்கள். உள்ளே கிருமி குடியேறியிருக்கும்.

* தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப்: பொடியாக இருக்கும்வரைதான் அட்டையில் உள்ள தேதி. தண்ணீர் கலந்த பிறகு பல மருந்துகளுக்கு ஏழு நாள்தான் ஆயுள். மீதியை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைப்பது பெரிய தவறு.

* ஓ.ஆர்.எஸ். பொடி: கரைத்துவிட்டால் 24 மணி நேரம். மீதியைக் கொட்டிவிடுங்கள்.

* இருதய, வலிப்பு மருந்துகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், கருத்தடை மாத்திரை: கணக்குப் பிசகவே கூடாத மருந்துகள்.

* தைராய்டு மாத்திரை: வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இதற்கு ஆகாது. பாட்டிலைத் திறந்தே வைக்காதீர்கள். வேறு டப்பாவுக்கு மாற்றவும் வேண்டாம்.

* எந்த ஊசி மருந்தும், எந்தத் தடுப்பூசியும்.

'நடுராத்திரி தலைவலி, கையில் இருப்பது போன மாதம் தேதி முடிந்த பாரசிட்டமால்தான், என்ன செய்ய?' என்று கேட்பீர்கள். அட்டை பிரியாமல், மாத்திரை நிறம் மாறாமல், நொறுங்காமல் இருந்தால், அதைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டவர் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் இதையே பழக்கமாக்காதீர்கள். விடிந்ததும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்தச் சலுகைகூடக் கிடையாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்து, கையில் பழைய மருந்து மட்டுமே இருந்தால், அதை உபயோகித்துவிட்டு 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

'நாட்டு மருந்துக்கு ஏது எக்ஸ்பைரி?'

இப்போது என் வீட்டுப் பக்கம் வருகிறேன். இங்கிலீஷ் மருந்தில் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள்கூட, சூரணம், லேகியம் என்றால் அலட்சியமாக இருக்கிறார்கள். "வேரும் தழையும்தானே டாக்டரய்யா, அது எங்க கெடப் போகுது?" என்று என்னிடமே கேட்பார்கள். டீச்சரும் அந்தக் கபசுரக் குடிநீர்ப் பொடியை அப்படித்தான் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தோம். பொடியில் பாதி வண்டு! ஆங்கிலத்தில் ஒரு வண்டுக்கு 'மருந்துக்கடை வண்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்த மூலிகை என்றால் அதற்குக் கல்யாண விருந்து.

உண்மையில் மருந்துக்கு ஆயுட்காலம் உண்டு என்று தெளிவாக வகுத்து வைத்தவர்கள் சித்தர்கள். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை என்று நாங்கள் கல்லூரியில் படிக்கும்போதே, ஒவ்வொன்றின் ஆயுளையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்தோம்.

சாறு, குடிநீர், கற்கம் இவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான். சூரணத்துக்கு மூன்று மாதம். மணப்பாகு, நெய், ரசாயனம், லேகியம் இவற்றுக்கு ஆறு மாதம். எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் ஒரு வருடம். மெழுகுக்கு ஐந்து வருடம். செந்தூரத்துக்கு 75 வருடம். பற்பத்துக்கு 100 வருடம்!

காரணமில்லாமல் சொல்லவில்லை. தண்ணீரும் தழையும் சேர்ந்த இடத்தில் கிருமி சீக்கிரம் வளரும். அதனால்தான் குடிநீருக்கு மூன்று மணி. வேரை இடித்துப் பொடியாக்கும்போது காற்றுப் படும் பரப்பு பலமடங்கு கூடுகிறது. மணம் பறந்துவிடும், ஈரம் ஏறிவிடும். முழுச் சுக்கு தாங்கும் நாள் சுக்குப் பொடி தாங்காது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதானே? பற்பம், செந்தூரம் புடம் போட்டு எரித்தெடுத்த சரக்கு. கெடுவதற்கு அதில் ஈரமும் இல்லை, எண்ணெயும் இல்லை.

ஆனால் '100 வருடம்' என்று படித்துவிட்டுப் பாட்டன் காலத்துப் பற்பத்தைத் தேடி எடுத்துச் சாப்பிடாதீர்கள். பற்பமும் செந்தூரமும் உலோகம், பாஷாணம் சேர்ந்த மருந்தாக இருக்கலாம். வைத்தியர் அளந்து கொடுக்காமல் தொடவே கூடாது. மேலும் அது எப்படிச் செய்தது, எதில் வைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. இன்று சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் காலாவதித் தேதி போட வேண்டும் என்று மருந்துச் சட்ட விதியே இருக்கிறது. கம்பெனி தயாரிப்புகளில் சூரணத்துக்கு மூன்று மாதத்துக்கு மேலும் தேதி போட்டிருக்கலாம். சீல் வைத்த டப்பாவுக்கு அது சரி. நீங்கள் பிரித்துவிட்டால் சித்தர் கணக்குதான் பாதுகாப்பு. கடையில் வாங்கும்போது தேதி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

கொரோனா காலத்தில் காலையில் காய்ச்சிய கபசுரக் குடிநீரை பிளாஸ்கில் ஊற்றி ராத்திரிவரை குடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யக் கூடாது. வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்ச வேண்டும். சூரணத்தில் கட்டியோ, பூஞ்சை வாடையோ, வண்டோ தெரிந்தால் சலித்து உபயோகிக்க நினைக்காதீர்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சலித்தாலும் போகாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. தைலம் சிக்கு வாடை அடித்தால் தலைக்கும் வேண்டாம், மூட்டுக்கும் வேண்டாம். லேகியத்தை ஈரக் கரண்டியால் எடுக்காதீர்கள். புளித்த வாடையோ நுரையோ வந்தால் குப்பைக்குத்தான்.

என் மேலும் ஒரு குற்றம் உண்டு. பிராக்டீஸ் ஆரம்பித்த காலத்தில் நானும் சூரணத்தைப் பொட்டலமாக மடித்து, பெயரும் எழுதாமல் தேதியும் எழுதாமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரியவர் வந்து, "உங்க மருந்து முன்ன மாதிரிக் கேக்கலையேய்யா" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். நான் கொடுத்த அதே பொட்டலம்! மிச்சம் பிடித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். தப்பு அவருடையதா, என்னுடையதா? அன்றிலிருந்து என் கிளினிக்கில் எந்த மருந்தும் பெயர், செய்த தேதி, முடியும் தேதி மூன்றும் இல்லாமல் வெளியே போவதில்லை. உங்கள் வைத்தியர் எழுதித் தராவிட்டால், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* மாத்திரைகளை அதனதன் அட்டையோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு, படுக்கையறையில் வெயில் படாத, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம்.

* 'பிரிட்ஜில் வைக்கவும்' என்று போட்டிருந்தால் மட்டும் பிரிட்ஜ். எல்லா மாத்திரையையும் பிரிட்ஜில் திணித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

* கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். தேதி இருக்கும் முனை கடையிலேயே தங்கிவிடும். தேதி தெரியும் துண்டைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பில்லைச் சேர்த்து வையுங்கள். அதில் தேதி இருக்கும்.

* சொட்டு மருந்து, சிரப், இன்சுலின், சூரணம் எதைத் திறந்தாலும், திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள்.

* மீந்த மருந்தைச் சேர்க்காதீர்கள். டாக்டர் ஐந்து நாள் சொன்னால் ஐந்து நாளைக்கு மட்டும் வாங்குங்கள்.

தூக்கிப் போடுவதிலும் ஒரு முறை உண்டு

"தேதி முடிஞ்சுட்டு, வீணாப் போவானேன்? வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் குடுத்துரலாம்." இந்தப் பேச்சை எத்தனையோ நல்ல வீடுகளில் கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் மருந்தை அந்த அம்மாவின் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கலாம்? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சாக்கடையிலும் கழிப்பறையிலும் பொதுவாகக் கொட்டக் கூடாது. தண்ணீரில் கலந்துவிடும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, உபயோகித்த காப்பித்தூள், டீத்தூள் அல்லது மண்ணோடு கலந்து, ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காலி அட்டையைக் கத்தரித்துப் போடுங்கள். அப்போதுதான் யாரும் எடுத்து மறுபடி விற்க மாட்டார்கள். பிறர் கையில் கிடைத்தால் ஆபத்தான சில கடுமையான வலி மருந்துகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசிகளை மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேர்த்து, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் கேட்டு ஒப்படையுங்கள்.

போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழிக்கிறோம் அல்லவா? அன்று மருந்து டப்பாவையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஆனால் போகி நெருப்பில் மட்டும் போடாதீர்கள். பிளாஸ்டிக்கும் மருந்தும் சேர்ந்து எரியும் புகை குழந்தைகள் மூச்சில்தான் போகும். வருடத்துக்கு ஒரு தடவை போதாது. ஆடிப் பிறப்பன்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டீச்சர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவருடைய டாக்டர் புதுக் குப்பி எழுதிக்கொடுத்து, கூட்டிய அளவையெல்லாம் குறைத்து, ஒரு வாரம் தினமும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து வந்தார். 160-ல் நின்றிருந்தது. கைப்பையைத் திறந்து இன்சுலின் குப்பியைக் காட்டினார். அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டி, திறந்த தேதியும் முடியும் தேதியும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"35 வருஷம் பிள்ளைங்க நோட்டுல தேதி போடலைன்னு அடிச்சிருக்கேன் டாக்டரய்யா. என் மருந்துல நான் தேதி போடலையே!" என்று சிரித்தார்.

இந்தப் பத்திரிகையை மூடி வைத்ததும் எழுந்துபோய் உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். கையோடு ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.